ஒத்திவைக்காமல் விட்ட கூட்டம்: வெர்னா டில்மன் அம்மையாருக்கு

காலி இடம் கண்டால் கண்ணுறங்காத காரியதரிசியே! கெட்டில் ஃபோர்டு நகரின் முப்பத்துநான்கு ஆலோசனைக் குழுக்களையும் பெற்ற பிள்ளைகளாய்ப் பேணிய பெருமாட்டியே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய வெர்னா டில்மன் அம்மையீர்! வணக்கம்.

இருபத்தொன்பது ஆண்டுகள்! மேயர்கள் வந்தார்கள், போனார்கள். மரங்களுக்கு ஒரு குழு, நூலகத்துக்கு ஒரு குழு, கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு குழு என்று ஊர்மக்கள் நகரமன்றத்துக்கு யோசனை சொல்லும் அத்தனை குழுக்களிலும், யாருடைய பதவிக்காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது உங்கள் விரல்நுனியில் இருந்தது. கணினி பிறகுதான் வந்தது. வந்தும் உங்களைக் கேட்டுத்தான் தன்னைத் திருத்திக்கொண்டது. சம்பளமில்லாத அந்தப் பதவிகளுக்கு ஆள் பிடிப்பதில் உங்களை மிஞ்ச எவருமில்லை. கடைக்குப் பால் வாங்கப் போனவர் கல்லறைத் தோட்டக் குழு உறுப்பினராக வீடு திரும்புவார். உங்கள் தலையைக் கண்டதும் ரொட்டி அடுக்குக்குப் பின்னால் பதுங்கியவர்கள் இந்தப் பிரிவுபசார அவையிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம். ஆனால் ஓர் உறுப்பினர் இறந்துவிட்டால், அடக்கம் முடிந்து ஒரு வாரம் போகும்வரை 'இடம் காலி' என்று அறிவிக்க நீங்கள் விட்டதில்லை. அப்படி ஒரு விதி எந்த ஏட்டிலும் இல்லை.

இவ்வளவோடு முடித்திருந்தால் இந்த மடல் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட அழகாக இருந்திருக்கும். எங்கள் மனம் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு நகரமன்றம் குழுக்களைக் களையெடுக்கக் கிளம்பியது. தொடர்ந்து மூன்று கூட்டங்களில் 'கோரம்', அதாவது கூட்டம் நடக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை, இல்லையென்றால் குழு கலைக்கப்படும் என்று விதி வந்தது. நடக்க இயலாதோரை ஏற்றிச்செல்லும் நகராட்சி வேனுக்கான பயணிகள் குழுவில் ஐந்து பேர். மூவர் வந்தால்தான் கூட்டம். இரண்டு கூட்டங்கள் ஏற்கெனவே தவறியிருந்தன. இந்த ஜனவரியில், மூன்றாவது கூட்டத்தன்று காலையிலேயே, ஒத்திவைக்கும் அதிகாரமுள்ள துணைச் செயலர் ஹார்லன் பீக்கின் மேசைக்கு வந்து நின்றீர்கள்.

"பனி வரப்போவுது ஹார்லன். வேன் ஓடாது. மத்தியானத்துக்குள்ள ஒத்திவெச்சிடுப்பா, தவறின கூட்டம்னு கணக்குல வராது."

"வானம் பளிச்சுன்னு இருக்கு வெர்னாம்மா. ஒரு மேகம்கூட இல்ல. நீங்க வேற!"

"உன் ஜன்னல் தெக்கால பாக்குது. பனி வடக்கேருந்துதான் வரும்."

அலுவலகத்தில் இருந்த நாங்கள் ஏழு பேரும் சிரித்தோம். மத்தியானத்துக்கு மேல் வடக்கிலிருந்து பனி கொட்டியது. மாலை நான்கு மணிக்கு அறையில் இரண்டே உறுப்பினர்கள். மூன்றாவதாக வரவேண்டிய ஒடெஸா க்ரூம் அம்மையாருக்கு நீங்கள் ஃபோன் போட்டீர்கள். அவர் குரல் அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"எங்க இருக்கேனா? சக்கர நாற்காலியோட நிறுத்தத்துல வெறைச்சுப்போய்க் கெடக்கேன். உங்க வேன் வரல தாயி. அதப் பத்திப் பேசத்தான் கெளம்பினேன்!"

ஃபோனில் வருவது வருகையாகாது என்பதும் விதி. குழு கலைந்தது. நகரமன்றத்துக்கு நாங்கள் அனுப்பிய அறிக்கையில் 'கோரம் இல்லை' என்று மட்டும் இருந்தது. பொய்யில்லை. ஆனால் வேன் வராததையும், காலையில் நீங்கள் கேட்டதையும் எழுதவில்லை. எழுதினால் எங்கள் தலையில் விடியும். மார்ச்சில் நகராட்சி ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் ஓடுவதை நிறுத்தியபோது தட்டிக்கேட்கக் குழு இல்லை. ஒடெஸா அம்மையார் அன்று முதல் தேவாலயத்துக்குப் போகவில்லை.

கலைப்புக் கடிதங்களைத் தபாலில் போடாமல் ஐந்து வீடுகளுக்கும் நீங்களே கொண்டுபோனீர்கள். மறுவாரமே, இன்னும் மூன்றாண்டுகள் பணி மிச்சமிருக்க, ஓய்வு விண்ணப்பம் தந்தீர்கள். முழங்கால் வலி என்று காரணம் எழுதியிருந்தது. அதை நம்பியவர் இந்த அலுவலகத்தில் ஒருவருமில்லை. நம்பாததாகச் சொன்னவரும் இல்லை.

வருந்துகிறோம் அம்மா! மேயர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று தெரிந்தேதான் இதை உரக்க வாசிக்கிறோம். வாசித்துக்கொண்டிருப்பவர் ஹார்லன் பீக். விட்டதையெல்லாம் சேர்த்துத் திருத்திய அறிக்கையில் இன்று காலை ஏழு பேரும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டோம். குழு மீண்டும் வருமா, தெரியாது. வந்தாலும் அதற்கு ஆள் பிடிக்க நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அந்தக் குறையை நாங்களே தேடிக்கொண்டோம்.

உடல் நலமும் உள்ள நிறைவும் உற்றார் துணையும் ஓங்க, நீங்கள் நூறாண்டு கடந்தும் வாழ்க!

செவ்வாய்க்கிழமை அறிக்கை நகரமன்றத்தில் விவாதத்துக்கு வருகிறது. இத்தனை ஆண்டுகளும் அந்த அவையின் ஓரத்து மேசையில் குறிப்பெடுத்தீர்கள். ஊழியர் அங்கே வாய் திறக்கக் கூடாது. நாளை முதல் நீங்கள் இந்த ஊரின் குடிமகள். மூன்று நிமிடம் பேச உங்களுக்கு உரிமை உண்டு. வாருங்கள், வெர்னாம்மா. எங்களைக் காப்பாற்றிப் பேசாதீர்கள்.

தலைகுனிந்த அன்புடன்,
நகரச் செயலர் அலுவலக ஊழியர் எழுவர்,
கெட்டில் ஃபோர்டு, அயோவா