சின்னம் மாற்றிய ஜக்கெற்

எனக்கு உதைபந்தாட்டத்தில் ஆர்வமே கிடையாது. ஆனாலும் ஆர்ட்காலன் ரோவர்ஸ் பற்றி நீங்கள் எதைக் கேட்டாலும் சொல்வேன். ஸ்கொட்லாந்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம் அது. முதல் சின்னத்தில் கப்பல் இருந்தது. கப்பல் பட்டறை மூடப்பட்டதும் அதை எடுத்துவிட்டுச் சிங்கத்தை வைத்தார்கள். சிங்கம் பிடிக்காமல் என் கணவர் சபாரத்தினம் ஒரு வருடம் ஆட்டம் பார்க்கவே போகவில்லையாம். போன வருடம் புதிய முதலாளிகள் சிங்கத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு வட்டமும் இரண்டு எழுத்துகளும்தான்.

இதெல்லாம் அவர் சொன்னது. அகதியாக வந்த புதிதில் அந்த மைதானத்தில் இருக்கைகளைக் கழுவும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஊரிலிருந்து என்னைக் கூப்பிட்ட பிறகுதான் லண்டனுக்கு மாறி, எட்மண்டனில் வீடு எடுத்தார். மறதி நோய் வந்தபோது மகளின் பெயர் போனது, என் பெயரும் போனது. சின்னங்களின் வரிசை மட்டும் போகவில்லை.

"நீங்கள் ஆர் பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டார்.

"கமலேஸ்வரி. உங்கட மனிசி."

சிரித்தார். "என்ர மனிசி ஊரில. விசா கிடைச்சதும் வந்திடுவா. அவ வந்தால் நீங்கள் வேற இடம் பாக்கோணும்."

மிக மரியாதையாகத்தான் சொன்னார். அதன்பிறகு தினமும் சொன்னார்.

ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்று அடிக்கடி வெளியே போய்த் தொலைந்துவிடுவார். அதனால் மகள் கோசிகா அவருடைய கழக ஜக்கெற்றில், சிங்கத்துக்குக் கீழே எங்கள் தொலைபேசி எண்ணைத் தைத்துவிட்டாள். யாராவது பார்த்து அழைப்பார்கள். நான் போய்க் கூட்டிவருவேன்.

புதிய சின்னம் வந்ததும் அவள் ஒன்று வாங்கி அனுப்பினாள். நான் சிங்கத்தைப் பிரித்தேன். எண்ணையும் பிரித்தேன். வட்டத்தை வைத்துத் தைத்தேன்.

"நம்பரைத் திருப்பித் தைச்சனீங்களே அம்மா?"

"ஓம் பிள்ளை."

ஜக்கெற் வடிவாக இருந்தது. எண் அதைக் கெடுத்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. "இண்டைக்கு மட்ச்" என்றார். சில மாதங்களாகப் பூட்டியே வைத்திருந்த கதவை நான் திறந்துவிட்டேன். ஜக்கெற்றின் பொத்தான்களை நானே பூட்டினேன். குளிரும் என்று தொப்பியும் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் கோசிகா அழைத்தபோது, அப்பா நித்திரை என்றேன்.

கால்வாய்க் கரையில் உட்காரும் வாங்கில் விறைத்துக் கிடந்தவர் யார் என்று கண்டுபிடிக்க, பொலிஸ்காரரான உங்களுக்கு இத்தனை நாள் எடுத்ததற்கு மன்னிக்க வேண்டும். காணவில்லை என்று நான் சொல்லாததும் உண்மைதான்.

வழி தெரியாமல் அலைந்திருப்பார் என்கிறீர்கள். இல்லை, அவருக்கு வழி தெரிந்திருந்தது. இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். கதவைத் தட்டினார்.

"கமலேஸ், திறவுமப்பா. குளிருது."

அவர் தன் மனைவியைத்தான் கூப்பிடுகிறார், என்னை அல்ல என்று நினைத்து, நான் கதவைத் திறக்கவில்லை.