ஏலத்தில் எடுத்து நான் திருப்பிக் கொடுக்காத ஆடு

பெயர்: முத்திருளன், வயது 73, த/பெ. பெரியாண்டி, வடக்குத் தெரு, செங்கரட்டுப்பட்டி, உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம். இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரித்ததில் கூறியதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி சோணையம்மாள், மகன் அழகுபாண்டி ஆகியோருடன் குடியிருந்து, மானாவாரியாகச் சோளமும் துவரையும் போட்டு வருகிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பழைய செய்தித்தாள்களை வைத்து நானாகவே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆகையால் நான் சொல்வதைச் சுருக்காமல் எழுதும்படியும், எழுதியதை என்னிடமே படிக்கக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

சென்ற வருடம் மழைக்காலத்தில் என் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, படுக்கையில் கிடந்தாள். எழுந்து நடந்தால் ஒரு பெட்டைக்குட்டியை எங்கள் ஊர்க் காளியம்மன் கோவிலுக்கு உயிரோடு விடுவதாக நேர்ந்துகொண்டாள். பெட்டையை எங்கள் கோவிலில் வெட்டுவதில்லை. தாய் செத்துப்போன குட்டி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தேன். படுத்தபடியே அதற்குப் புட்டிப்பால் கொடுத்தாள். அதன் பிறகு தை மாதம் கம்பு ஊன்றி நடக்க முடிந்ததும், அவளே அதைக் கோவில் வரை நடத்திக் கொண்டுபோய் விட்டாள். ஆட்டின் அடையாளம்: கறுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, இடது காது நுனி வெட்டியது.

அதன் பிறகு பங்குனியில் நடந்த ஊர்க்கூட்டத்தில், ரோட்டு முனையில் அலங்கார வளைவு கட்டுவதற்கு நிதி வேண்டும் என்றும், கோவிலுக்கு விட்ட ஆடு சேவல்களை வைகாசித் திருவிழாவில் ஏலம் விடுவதென்றும் விழாக் கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி சொன்னார். நான் எழுந்து ஆட்சேபம் சொன்னேன். அதற்கு அவர், "சாமி ஆடு சாமி வளைவுக்குத்தான போகுது. ஒங்களுக்கு எங்க எரியுது பெரியப்பா?" என்றார். "வளைவு வேணும்னு சாமி ஒங்கிட்ட வந்து கேட்டுச்சா? வேணும்னா ஒன் பையில கைய விட்டுக் குடு. அதப் புடிச்சு மேடையில ஏத்தாத" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் ஆட்சேபத்தைத் தீர்மானத்தில் எழுதும்படி கேட்டேன். எழுதவில்லை.

எங்கள் ஊர்க் கோவில் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் தொகையை ஒப்புக்கொண்டுவிட்டு, பொருளைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் பெயரை மைக்கில் சொல்லி வேட்டுப் போடுவார்கள். பிறகு அதே பொருளை மறுபடியும் ஏலம் விடுவார்கள். எலுமிச்சம்பழத்துக்கும் தேங்காய்க்கும் இதனால் ஒன்றும் ஆவதில்லை.

திருவிழா அன்று உச்சி வெயிலில் மேற்படி ஆட்டை மேடையில் ஏற்றி, கூட்டத்துக்குத் தெரியும்படி முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். மைக்கில் ஏலம் கூறியவர் சூரியபிரகாஷ் என்ற இளைஞர். "சிம்மக்கல்லுல கடை வச்சிருக்க எங்க அண்ணன் கேட்டுட்டாரு! வில்லாபுரத்து மாப்ள வாயத் தொறக்க மாட்டேங்குறாரே, வீட்டுல உத்தரவு வாங்கணுமோ?" என்று அவர் கூவ, கூட்டம் ஏலத்தை ஏற்றியது. எடுத்தவரெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மேடைக்குப் பக்கத்திலேயே வேட்டுப் போட்டார்கள். வேட்டுச் சத்தத்துக்கு ஆடு நின்றபடியே மூத்திரம் போனது. பிறகு அதுவும் போகவில்லை. நாக்கு வெளியே வந்துவிட்டது. தண்ணீர் காட்டும்படி கேட்டேன். "ஏலம் முடியட்டும் தாத்தா, அம்புட்டையும் மொத்தமாக் குடிக்கட்டும்" என்று சூரியபிரகாஷ் மைக்கிலேயே சொன்னார்.

அதன் பிறகு நானே ஏலம் கேட்டேன். நான் வழிக்கு வந்துவிட்டதாக நினைத்துக் கைதட்டினார்கள். நேர்ந்து விட்ட வீட்டுக்காரரே கேட்கிறார் என்று யாரும் மேலே கேட்கவில்லை. மூன்று தரம் கூறி முடித்ததும் மேடையேறி ஆட்டின் கயிற்றைப் பிடித்தேன்.

"திருப்பிக் குடுங்க பெரியப்பா, வேட்டுத் திரியில தீ வச்சாச்சு" என்றார் உக்கிரபாண்டி.

"குடுக்க மாட்டேன். மூணு தரம் சொன்னது ஒங்க மைக்குத்தான?"

"இந்த ஊருல எவனாவது சாமி பொருள வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருக்கானா? வெக்கமா இல்ல?"

அவர் கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கினார். நான் அவரைத் தள்ளினேன். தள்ளவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மேடையிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆட்டைத் திருடியதாக அவர் புகாரில் எழுதியிருப்பது பொய்.

அதன் பிறகு ஆட்டை இறக்கினேன். அது நடக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே உள்ள குழாய்க்குக் கொண்டுபோய், கையில் தண்ணீர் பிடித்துக் காட்டினேன். வாய் வைக்கவில்லை. கால்களை மடக்கிப் படுத்துவிட்டது. அதற்குள் கமிட்டி ஆட்கள் வந்து என்னைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்திக்கொண்டார்கள். "மூச்சு நிக்குறதுக்குள்ள அறுத்துட்டா வீணாப் போகாது" என்று ஒருவர் சொன்னது கேட்டது. மூச்சு இருக்கும்போது அறுத்தார்களா, நின்ற பிறகு அறுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. என்னைச் சுற்றி நின்றதால் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு கறியை மைக்கில் ஏலம் விட்டார்கள். கை தூக்கினார்கள். யார் யார் என்று நான் பார்க்கவில்லை. கடைசியாகக் கூறிய பெயர் என் மகன் அழகுபாண்டியின் பெயர். கூட்டத்தில் அவன் இருந்தான் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்தாள். மைக்கில் ஏலம் கூறியது முழுவதும் அவளுக்குக் கேட்டிருந்தது. சற்று நேரத்தில் மகன் கறிப்பையோடு வந்தான்.

"அய்யாவால ஊர்ப்பகை வந்துரக் கூடாதுல்லம்மா. அதான் நானே எடுத்துட்டேன்" என்றான்.

"எடுத்தவுகல்லாம் திருப்பிக் குடுத்தாகளே, நீ ஏன்டா குடுக்கல?" என்று அவள் கேட்டாள்.

பையை அவனே கொண்டுபோய் வாய்க்கால் ஓரம் புதைத்துவிட்டு வந்தான். எடுக்கும்போது யோசித்திருக்க வேண்டும்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்துச் சமாதானமாகப் போகச் சம்மதமா என்று என்னிடம் கேட்கப்பட்டது. சம்மதமில்லை. மணிக்கட்டு வைத்தியச் செலவைத் தருகிறேன். மன்னிப்பு எழுதித் தரமாட்டேன். வளைவுக்கு நிதி பற்றவில்லை என்று ஆடி மாதம் மறுபடி ஏலம் போட்டிருக்கிறார்கள். அதற்கான சேவல்கள் கோவில் மடப்பள்ளிக்குப் பின்னால் இப்போதே கட்டிக் கிடக்கின்றன. ஏலத்தை நிறுத்தும்படி இதற்கு முன் நான் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. நான் ஒருவன் போய் நின்றால் ஏலம் நிற்காது என்று எனக்குத் தெரியும். போய் நிற்பேன். வேண்டாம் என்றால் ஆடி முடியும் வரை என்னை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

இதை எழுதியவுடன் வாங்கி நானே முழுவதும் படித்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது. சொன்னது எல்லாம் நடந்தது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. பெருவிரல் ரேகை வேண்டாம் என்று சொல்லிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பெ. முத்திருளன்

என்னால் பதிவு செய்யப்பட்டது,
உதவி ஆய்வாளர்