தலைவர் அட்டை

இல்லம்மா, கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் எங்க சொன்னேன். படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்னுதானே சொன்னேன். அதுக்குள்ள உங்க முகம் இவ்வளவு சின்னதாயிடுச்சு. உக்காருங்க முதல்ல. பையை மேஜை மேல வெக்காதீங்க, காலையில ரெண்டு சொட்டு ஆசிட் சிந்திருச்சு. துடைச்சாச்சு, இருந்தாலும் நம்பறதுக்கில்ல. மடியில வெச்சுக்கோங்க. தண்ணி வேணும்னா வெளிய வராந்தாவுல குழாய் இருக்கு. லேப்குள்ள எதையும் குடிக்கக் கூடாதுன்னு நானே எழுதி ஒட்டியிருக்கேன், நானே மீறினா நல்லா இருக்காது.

நான் பாட்டுக்கு இந்த டெஸ்ட் டியூபைக் கழுவிக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாசக் கடைசியில ரிட்டையர் ஆகறேன். அடுத்து வர்ற டீச்சர் முன்னாடி அழுக்கு டியூபை விட்டுட்டுப் போனேன்னு பேரு வேணாம். இருக்கற பேரு போதும்.

நீங்க இந்தப் பயிற்சி அமைப்புல சேந்து எத்தனை நாளாச்சு. ஏழு மாசமா. சரிதான், அப்ப உங்களுக்கு இந்த ஸ்கூல் கதையெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதாத்தான் இருக்கும். உங்க பெரிய மேடம் சொல்லியிருப்பாங்க. போங்க, அந்த டீச்சர் நம்ம ஆளு, முதல் ஸ்கூல்ல முதல் வகுப்பு எடுத்தவங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாங்கன்னு. அப்படித்தான் சொன்னாங்களா. நான் சும்மா குத்துமதிப்பா சொன்னேன்.

இந்தக் கடிதம் எதுக்குன்னு எனக்குப் புரியாம இல்ல. கல்வி ஆபீசுக்குப் போகுது. அவங்க சரின்னுட்டா அடுத்த வருஷத்துலேருந்து எல்லா ஸ்கூல்லயும் சயின்ஸ் வகுப்பு உங்க முறையிலதான். நல்லதுதான். சத்தியமா சொல்றேன், அந்த முறை மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. பதினெட்டு வருஷம் நான் எப்படிப் பாடம் நடத்தினேன் தெரியுமா. போர்டைப் பாத்துக்கிட்டே நிப்பேன், நான் சொல்லச் சொல்ல பின்னாடி எழுதுவாங்க. நான் தும்மினா அதையும் எழுதி ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்பாங்க. அப்பத்தான் உங்க மேடம் வந்து மூணு நாள் பயிற்சி குடுத்தாங்க. நாலு நாலு பிள்ளைங்களா உக்கார வைங்க, ஆளுக்கொரு அட்டையைக் கழுத்துல மாட்டி விடுங்க. ஒருத்தர் தலைவர், ஒருத்தர் எழுதறவர், ஒருத்தர் எழுந்து பேசறவர், ஒருத்தர் எல்லாரும் கலந்துக்கிட்டாங்களான்னு கவனிக்கறவர். தாளைக் குடுங்க. அப்புறம் வாயை மூடிக்கோங்க. பதில் பிள்ளைங்களுக்குள்ளேருந்து வரட்டும், நீங்க சொல்லாதீங்க, கேட்டாங்கன்னா திருப்பி ஒரு கேள்வி கேளுங்க, அவ்வளவுதான் உங்க வேலைன்னாங்க.

இந்த வாயை மூடற வேலை இருக்கே, அதைவிடக் கஷ்டம் உலகத்துல எதுவும் இல்ல. வாத்தியார் நாக்கு சும்மா கிடக்குமா. முதல் ஒரு மாசம் நான் நாக்கைக் கடிச்சுக் கடிச்சு சாப்பாட்டுல காரம் போட முடியல. அப்புறம் பழகிருச்சு. பழகினது எவ்வளவு தூரத்துக்குன்னா, வீட்ல எங்க வீட்டுக்காரர் என் கண்ணாடியைப் பாத்தியான்னு கேட்டா, நீங்க எங்க வெச்சிருப்பீங்கன்னு நினைக்கிறீங்கன்னு கேப்பேன். மனுஷன் அன்னிக்குப் பேப்பர் படிக்காமலே இருப்பாரு.

சிரிங்க, சிரிங்க. நானும் அப்ப சிரிச்சேன்.

ஆனா பிள்ளைங்க மாறினாங்கம்மா. அதைக் கண்ணால பாத்தவ நான். வாயில கொழுக்கட்டை மாதிரி உக்காந்திருந்ததெல்லாம் மேஜையைத் தட்டி சண்டை போட்டுதுங்க, எதுக்கு, ஒரு அணு ஏன் இன்னொண்ணோட சேருதுன்னு. அதைப் பாத்துட்டு நான் அந்த மூலையில திரும்பி நின்னு கண்ணைத் துடைச்சிருக்கேன். அதனாலதான் உங்க மேடம் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். எத்தனையோ ஊர் வாத்தியாருங்களை உக்கார வெச்சு, சொல்லாதீங்க, கேளுங்கன்னு நானே சொல்லிக் குடுத்தேன். உங்க அமைப்போட புத்தகத்துல என் போட்டோ போட்டாங்க, பாத்திருப்பீங்க. கன்னம் உப்பிப்போய் இருப்பேனே, அதேதான்.

சரி, கடிதத்துக்கு வரேன். எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நீங்களே எழுதினதா. தமிழ் நல்லா இருக்கு. ரெண்டாம் பக்கத்துல, கீழேருந்து நாலாவது வரி. அதை மட்டும் சத்தமாப் படிங்க, என் கை ஈரம்.

ம். குழுத் தலைவராக இருந்த மாணவி ஒருவர் அவசரப்பட்டு, யாரையும் கேட்காமல் செயல்பட்டதால் நேர்ந்த சிறு விபத்து, அதற்கும் கற்பிக்கும் முறைக்கும் தொடர்பு இல்லை. இதுதானே. இந்த வரியை உங்களுக்கு யாரு குடுத்தது. பழைய அறிக்கையிலேருந்து அப்படியே எடுத்துப் போட்டீங்களா. அந்த அறிக்கையில யாரு கையெழுத்துன்னு கீழ பாத்தீங்களா. பாத்தீங்க. அதான் தைரியமா வந்துட்டீங்க. ஏற்கெனவே போட்ட கையெழுத்துதானே, இன்னொரு தடவை போடறதுல என்ன வந்துச்சுன்னு. நியாயம்தான்.

அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியாது. அப்ப பதினொண்ணாவது. வகுப்புல அவளுக்கு ரெட்டைக்கேள்வின்னு பட்டப்பேரு. எதையும் ரெண்டு தடவை கேக்காம செய்ய மாட்டா. கதவைச் சாத்தட்டுமா டீச்சர்ம்பா. சாத்தும்மான்னா, நாலு அடி போய் நின்னு, சாத்திரட்டுமாம்பா. மத்த பிள்ளைங்க தலையில அடிச்சுக்குவாங்க. அவளுக்கு அப்பா கிடையாது, அம்மா ஆஸ்பத்திரியில துணி துவைக்கற பிரிவுல வேலை. வீட்ல எதைத் தொட்டாலும், உடைஞ்சா இன்னொரு தடவை வாங்க முடியாதுங்கற மாதிரி வளந்த பொண்ணு, அதான் அந்தப் பயம். ஆரம்பத்துல வாயே திறக்காது. நாலு பேர் குழுவுல போட்டப்புறம்தான் கேள்வியே கேக்க ஆரம்பிச்சுது. உங்க முறையோட வெற்றின்னா அவதான். அவளைத்தான் நீங்க புத்தகத்துல போட்டிருக்கணும், என்னை இல்ல.

அவளைப் பத்தித்தான் நாம அவசரப்பட்டான்னு எழுதி வெச்சிருக்கோம்.

என்ன நடந்துச்சா. சொல்றேன். கந்தக அமிலத்தைத் தண்ணியோட கலக்கற பாடம். உங்களுக்குத் தெரியும்ல, தண்ணியில ஆசிட்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமா விடணும். மாத்தி ஆசிட்ல தண்ணியை ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். தாள்ல ரெண்டு படமும் இருக்கும், எது சரி, ஏன்னு பிள்ளைங்க பேசி முடிவு பண்ணணும். சரியா முடிவு பண்ணின குழுவுக்குத்தான் நான் ஆசிட்டைக் கொண்டுபோய்க் குடுப்பேன். அதுவரைக்கும் பாட்டில் என் மேஜையை விட்டு நகராது. அது நானே போட்ட ஒழுங்கு, பதினோரு வருஷமா மீறினதில்ல.

அன்னிக்கு மீறினேன். உங்க பெரிய மேடம் வகுப்பைப் பாக்க வந்திருந்தாங்க. கூடவே வெளியூர்லேருந்து பெரிய மனுஷங்க ரெண்டு பேர். பன்னெண்டு மணிக்கு அவங்களுக்கு ரயில். அதுக்குள்ள முழுப் பாடமும் காட்டணுமேன்னு, பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு பீக்கர்ல ஆசிட்டை ஊத்தி வெச்சுட்டேன். நேரம் மிச்சமாகும்னு.

இல்லம்மா, அவசரப்படாதீங்க. இதை நான் அப்பவே ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அவரு, பரவாயில்ல டீச்சர், அது ஏற்பாட்டுல ஒரு சின்னக் குறை, அறிக்கையில வேண்டாம்னுட்டாரு. உங்க மேடமும் வேண்டாம்னாங்க. நானும் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். ஆக மூணு பேரும் பேசி ஒருமனதா ஒரு முடிவுக்கு வந்தோம். குழுக் கற்றல்னா இதுதான்.

அந்தப் பொண்ணு அந்த ஆசிட்ல தண்ணியை ஊத்திருச்சு. தெறிச்சது அது மேல இல்ல. பக்கத்துல நோட்டு வெச்சுக்கிட்டுக் குனிஞ்சிருந்தாளே, எழுதறவ, அவ மேல. கண்ணாடி மாட்டியிருந்ததால கண்ணு தப்பிச்சுது. கழுத்துலயும் கையிலயும் பட்டுச்சு. இருபது நிமிஷம் குழாய்க்கு அடியில நானே புடிச்சு நின்னேன். மூணு வாரத்துல ஸ்கூலுக்கு வந்துட்டா. கழுத்துல ஒரு தழும்பு, அவ்வளவுதான். அடிபட்ட அந்த எழுதறவ இப்ப நர்சிங் சேரப் போறா, நல்லா இருக்கா. நான் அவளைப் பத்திச் சொல்லல.

மறுநாள் ஹெட்மாஸ்டர் ரூம்ல விசாரிச்சாங்க. தண்ணியை ஊத்தலாம்னு முடிவு பண்ணது யாருன்னு. அதுல தேடிக் கண்டுபுடிக்க என்ன இருக்கு. கழுத்துல அட்டை தொங்குது, தலைவர்னு. வாரா வாரம் அட்டை மாறும், அந்த வாரம் அது அவ கழுத்துல. பிள்ளைங்ககிட்ட பொறுப்பைக் குடுங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம் இல்ல, முதல் தடவையா நிஜமாவே முழுப் பொறுப்பையும் குடுத்தோம். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாங்க, உங்க பொண்ணுக்கு லேப் சரிப்படாது, வணிகப் பிரிவுக்கு மாத்திக்கோங்கன்னு. டீச்சராகணும், கெமிஸ்ட்ரி டீச்சராகணும்னு சொல்லிக்கிட்டிருந்தவ. மாறிப் போயிட்டா. அதுக்கப்புறம் இந்த லேப் வழியா வரமாட்டா, மாடியைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் இறங்குவா.

என்னம்மா, நேரமாச்சா. இன்னும் ரெண்டே நிமிஷம். நான் கையெழுத்துப் போடறேன். அந்த வரியை மட்டும் அடிச்சுட்டு, நான் சொல்றதை எழுதிக் கொண்டாங்க. தலைவரா இருந்த மாணவி ஊத்தறதுக்கு முன்னாடி ஆசிரியரைக் கேட்டாள்னு எழுதுங்க. ரெண்டு தடவை கேட்டாள்.

ஆமா. என்கிட்டத்தான். வேற யார்கிட்ட கேப்பா.

நான் அவ மேஜைக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். கையில தண்ணிக் குவளையைத் தூக்கி வெச்சுக்கிட்டு, இதை அதுல ஊத்தட்டுமா டீச்சர்னா. வேண்டாம்னு ஒரு வார்த்தை. அதான் சொல்ல வேண்டியது. ஆனா அந்தப் பக்கம் உங்க மேடம் ஒரு படிவம் வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஆசிரியர் நேரடியா எத்தனை தடவை பதில் சொன்னார்னு அதுல ஒரு கட்டம். அதுவரைக்கும் அதுல ஒரு கோடு கூட விழல, நான் எட்டிப் பாத்திருந்தேன். வெளியூர்க்காரங்க வேற வாயைப் பிளந்து பாத்துக்கிட்டிருக்காங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டேன். சிரிச்ச முகமா. அது கொஞ்சம் யோசிச்சுட்டு மறுபடி கேட்டுச்சு, ஊத்திரட்டுமான்னு. குழுவுல பேசி முடிவு பண்ணுங்கன்னுட்டு நான் அடுத்த மேஜைக்கு நகந்துட்டேன். திரும்பி வந்து பாத்துக்கலாம், அதுக்குள்ள தாளைப் படிச்சுத் தானே தெரிஞ்சுக்கும்னு நெனச்சேன். நான் சிரிச்சதைப் பாத்துட்டு அது சரின்னு அர்த்தம் பண்ணிக்கிச்சு. டீச்சர் சிரிச்சா சரின்னுதானேம்மா பிள்ளைங்க எடுத்துக்கும். நாலு அடி போயிருப்பேன், சத்தம் கேட்டுச்சு.

விசாரணையில கேட்டாங்க, யாரையாவது கேட்டியா ஊத்தறதுக்கு முன்னாடின்னு. அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. நான் சொல்லுவேன்னு காத்திருந்துச்சுன்னு நினைக்கிறேன். நான் சன்னலைப் பாத்தேன். அது, இல்ல சார், நான்தான் தலைவர், நான்தான் முடிவு பண்ணேன்னு சொல்லுச்சு.

உங்க மேடத்துக்கு இது தெரியுமான்னு எனக்குத் தெரியாது. அவங்க நின்ன தூரத்துக்குக் கேட்டிருக்கும். நான் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. இப்படி எழுதினா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்கன்னுதானே யோசிக்கிறீங்க. மாட்டாங்கதான். ஒரு வருஷம் தள்ளிப் போகும். தள்ளிப் போகட்டும். வேண்டாம்னு சொல்ல வேண்டிய இடத்துல வேண்டாம்னு சொல்லணும்னு ஒரு வரி சேத்துக்கிட்டு அப்புறமா எல்லா ஸ்கூலுக்கும் போங்க. இல்ல, அந்த வரி அப்படியேதான் இருக்கணும்னா, என் பேரை எடுத்துட்டு வேற யாரையாவது பாருங்க. என்னை வெச்சு ரெண்டாவது தடவை அதை எழுத முடியாது.

ரெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டிருந்துட்டு இப்ப மட்டும் ஏன்னு கேக்கறீங்க. கேக்கலாம், தப்பில்ல. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணோட அம்மா வந்தாங்கம்மா. படிப்பு முடிஞ்சிருச்சே, டி.சி. வாங்க வந்தவங்க, நான் ரிட்டையர் ஆகறேன்னு கேள்விப்பட்டு லேப் வரைக்கும் ஏறி வந்தாங்க. உள்ள வரல, அந்த வாசப்படியிலயே நின்னாங்க. ரெண்டு வருஷமா வரணும்னு நினைக்கிறேன் டீச்சர், முகம் இல்லாம வரலைன்னாங்க. என் கை ரெண்டையும் புடிச்சுக்கிட்டாங்க, அவங்க விரலெல்லாம் சோப்புத் தண்ணியில ஊறி வெளுத்துக் கிடக்கு. என் பொண்ணோட அவசரப்புத்தியால நீங்க கட்டிக் காத்த பேருக்குக் களங்கம் வந்துருச்சு, பெத்தவ நான் கேட்டுக்கறேன், மனசுல வெச்சுக்காதீங்க, மன்னிச்சிருங்கன்னு அழுதாங்க.

நான் என்ன பண்ணேன்னா, அவங்க முதுகைத் தட்டிக் குடுத்து, அட அழாதீங்கம்மா, சின்னப் பிள்ளைதானே, நான் அப்பவே மன்னிச்சுட்டேன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.