மொட்டை மாடியில் அண்ணாவின் வீடு

கன்டெய்னர் வீடு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது வெயில் தாங்குமா என்றுதான். ஏசி ஓடினால் தாங்கும், சார். நீங்களும் அதையே கேட்டதால் சொல்கிறேன்.

அனந்தராமன் என் அண்ணா. கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னைப் படிக்கவைத்தவர். மயிலாப்பூர் வீட்டை விற்றுக் கொட்டிவாக்கம் வந்த பிறகு அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. கொஞ்சம் கண் அசந்தால் கிளம்பிவிடுவார். திருவான்மியூர் பஸ் நிலையத்திலிருந்து எத்தனை தடவை கூட்டி வந்திருப்பேன்! "நாழியாறதுடா, ஆத்துக்குப் போகணும். அம்மா காத்துண்டிருப்பா" என்பார். அம்மா போய் எவ்வளவோ வருஷமாகிறது. ராத்திரியும் பகலும் இதே பாட்டு. நானும் மனுஷன்தானே, அலுத்துப்போனேன்.

அதனால்தான் பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கி, கிரேன் வைத்து மாடியில் இறக்கினேன். கட்டில், கழிப்பறை, ஏசி, அவருக்குப் பிடித்த நீலப் பெயிண்ட். எதிலும் குறை வைக்கவில்லை. வெல்டர் செபஸ்தியான் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"சார், இந்தப் பொட்டி வெளியேர்ந்துதான் தொறக்கும். உள்ளார ஒரு கைப்பிடி வெச்சிக் குட்த்துர்றேன். ஜன்னலும் வெட்டணும். கரண்ட் போச்சுன்னா அடுப்பு சார் இது."

"அப்புறம் பாத்துக்கலாம்பா" என்றேன். ஜன்னல் வைத்தால் அண்ணா குதித்துவிடுவார் என்று என் மனைவி நீரஜாவிடம் சொல்லிச் சமாளித்தேன். பாவம், நம்பினாள்.

அந்த மே மாதப் பகலில் நீரஜா தி.நகர் போயிருந்தாள். அண்ணாவுக்குச் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டு, வழக்கம்போல் வெளியே கம்பியைப் போட்டுப் பூட்டினேன். உடனே தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார். ஆத்துக்குப் போகணுமாம். என் படுக்கைக்கு நேர் மேலே அந்தச் சத்தம்.

கரண்ட் போய்விட்டது என்று நீரஜாவிடமும் டாக்டரிடமும் சொன்னேன். நீங்கள் தெருவில் விசாரித்திருப்பீர்கள். எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போகும் மெயின் சுவிட்சை நான்தான் இறக்கினேன்.

தட்டல் முதலில் வேகமானது. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அதை மறந்து ரொம்ப நாளாகியிருந்தது. அப்புறம் சத்தம் நின்றது. நான் தூங்கினேன். அப்படித் தூங்கி எவ்வளவு காலமாயிற்று, சார்.

உள்பக்கம் கைப்பிடி வைக்காதது மறதியா என்று கேட்டீர்கள். மறதி அண்ணாவுக்குத்தான். எனக்கில்லை. ஆனால் கொலை என்று நீங்கள் எழுதுவது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆத்துக்குப் போகணும் என்று அவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அனுப்பிவைத்தேன், அவ்வளவுதான்.