தண்ணீர் வண்டியிலிருந்து விழுந்த ஞாயிறு

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் சண்முகலிங்கம் அவர்களே, ஓரத்துக் கதிரையில் இருந்தாலும் இம்மன்றத்தின் நடுத்தூணாய் நிற்கும் செயலாளர் அல்போன்சம்மா அவர்களே, மொன்ட்ரியாலின் பங்குனிப் பனியையும் பாராமல் பஸ்ஸும் மெத்ரோவும் மாறி மாறிப் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, விடியலிலிருந்து வடை சுட்டுவிட்டு இப்போதுதான் கை துடைத்து வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெற்றோர் இழுத்து வந்ததால் வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு பொஞ்சூர், மற்ற எல்லோருக்கும் ஞானேந்திரனின் பணிவான வணக்கம்.

‘ஓர் ஆங்கிலத் தொடரின் கதை’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பத்து நிமிடம் பேசுங்கள், முடிந்ததும் பொன்னாடை என்றார் தலைவர். மதுவைத் தொடாமல் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு மன்றத்தின் மரியாதை என்று அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார்கள். அதைப்பற்றி என் மனைவி சிவமலர் இன்று காலை ஒரு வார்த்தை சொன்னார். “உண்மையைச் சொல்லாமல் அதைப் போர்த்துக்கொண்டு வீட்டை வராதேங்கோ.” மூன்றாவது வரிசையில், கோட்டைக் கழற்றாமல் இருக்கிறார். ஆகவே அன்பர்களே, இன்று தலைப்பையும் தாண்ட மாட்டேன், உண்மையையும் தாண்ட மாட்டேன்.

‘ஃபோல் ஓஃப் த வாகன்.’ வண்டியிலிருந்து விழுதல். எந்த வண்டி? ஏன் வண்டி? நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நகரங்களின் தெருக்களெல்லாம் புழுதித் தெருக்கள். புழுதி அடங்கக் குதிரை பூட்டிய வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார்கள். அதே காலத்தில் மதுவிலக்கு இயக்கமும் மூண்டெழுந்தது. இனிக் குடியேன் என்று சத்தியம் செய்தவன், தாகத்தில் தொண்டை வறண்டாலும் அந்தத் தண்ணீர் வண்டியில் ஏறுவேனே தவிர மதுவைத் தொடேன் என்றான். சத்தியத்தைக் காத்தவன் வண்டியில் இருந்தான். மீண்டும் குடித்தவன் வண்டியிலிருந்து விழுந்தான்.

பின்வரிசையில் தமிழகத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். தெரியும் ஐயா, உங்கள் ஊரில் தண்ணி வண்டி என்றால் ஆளே வேறு. இலண்டனில் தூக்குமேடைக்குப் போகும் கைதிக்கு வழியில் கடைசிக் குவளை கொடுத்து மறுபடி வண்டியில் ஏற்றினார்கள், தொடர் அங்கிருந்து பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையான கதைதான், சான்றுதான் இல்லை. இன்றைக்கோ சீனியை விட்டவர் லட்டுத் தின்றாலும், சிகரெட்டை விட்டவர் ஒன்றைப் பற்றவைத்தாலும் இதே தொடரைத்தான் சொல்கிறார்கள்.

வரலாறு சொன்னேன், பொருளும் சொன்னேன். அகராதி சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வண்டியில் ஏறியவனுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

நான் குடியை விட்டு ஓராண்டு முடிந்தபோது இதே மன்றம் எனக்கொரு பொன்னாடை போர்த்தியது. குடியை வென்ற கோமகன் என்றார்கள். படம் எல்லோருடைய கைப்பேசிக்கும் போனது. மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் ஆண்கள் கூடிநிற்கும் இடத்துக்கு நான் போனால் பேச்சு நின்றது. “அண்ணை இப்ப பெரிய ஆள், அவரை விடுங்கோ” என்று மரியாதையாக வழிவிட்டார்கள். மரியாதை கூடக் கூட மனிதர் குறைந்தார்கள். கூட்டம் இருந்தது, கூப்பிட ஆளில்லை. கைதட்டல் இருந்தது, கைகொடுக்க ஆளில்லை. கிழமை முழுதும் வைத்தியசாலைச் சலவையறையில் வேலை. வார இறுதியில் சிவமலர் பேரப்பிள்ளையைப் பார்க்க லவாலுக்குப் போய்விடுவார், வில்லரேயில் எங்கள் வீட்டில் நானும் தொலைக்காட்சியும். வெட்கப்படாமல் சொல்கிறேன், மிகவும் தனிமையாக இருந்தது.

இந்த ஆண்டு மாசி மாதம் இரண்டாம் ஞாயிறு, பகல் இரண்டு மணி. வீட்டில் சண்டையில்லை, ஊரில் சாவில்லை, சொல்ல ஒரு காரணமும் இல்லை. பால் வாங்க மூலையிலிருந்த தெப்பனர் சில்லறைக் கடைக்குப் போனேன். பாலோடு ஆறு பியரும் வாங்கினேன். கடைக்காரர் “மெர்சி, பொன் ஜூர்னே” என்று நன்றி சொல்லி நல்ல நாள் வாழ்த்தினார். அதுவரை அன்று என்னோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

நான்காவது பியரில் பயம் பிடித்தது. யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைப்பேசியில் முந்நூறுக்கு மேல் பெயர்கள். அன்பர்களே, யாரை அழைப்பேன்? எனக்காகக் கைதட்டியவரிடம் எந்த வாயால் சொல்வேன்? கடைசியில் மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் நண்பர் றெனோல்டை அழைத்தேன். இருபது ஆண்டுப் பழக்கம், முன்பு ஒன்றாகக் குடித்தவர்கள்.

“றெனோல்ட், நான் குடிச்சிட்டன்” என்றேன்.

அவர் சிரித்தார். “சும்மா பகிடி விடாதேங்கோ அண்ணை. உங்களைக் காட்டித்தானே என்ர மனிசி என்னைப் பேசுறவ. நான் இப்ப மகளைக் கூட்டப் போறன், பேந்து எடுக்கிறன்.”

பிறகு அவர் எடுக்கவில்லை. றெனோல்டில் பிழையில்லை. இங்கேதான் இருக்கிறார், மண்டப வாசலில் கேட்டுவிட்டுத்தான் பெயரைச் சொல்கிறேன். பொன்னாடைப் படத்தில் நின்ற ஆள் விழுவார் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? நானும் கூடச் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். மிச்சம் இரண்டையும் குடித்தேன்.

அழாதீர்கள் அம்மா, பேச்சு முடியப் போகிறது. மறுநாளிலிருந்து தொடவில்லை. ஆனால் ஆறு கிழமையாக ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. இன்று காலைதான், வெளிக்கிடும் நேரத்தில், சிவமலரிடம் சொன்னேன்.

தலைவர் அவர்களே, ஆறு ஆண்டுகள் என்று அச்சடித்தது பிழை. அது அச்சகத்தின் பிழை இல்லை, என் பிழை. மதுவைத் தொடாமல் இன்று எனக்கு நாற்பத்திரண்டு நாள். அந்தப் பொன்னாடையை உள்ளே எடுத்து வையுங்கள். இனிமேல் இந்த மன்றம் குடியை விட்ட எவருக்கும் பொன்னாடை போர்த்தவேண்டாம் என்று தாழ்மையோடு கேட்கிறேன். அதைப் போர்த்தியபின் விழுந்ததைச் சொல்ல வாய் வருவதில்லை.

இந்த மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். விழுந்தவன் நான் ஒருவன்தான் என்று நம்புகிறீர்களா? நேற்று விழுந்தவர் இருக்கலாம். நாளை விழப் போகிறவர் இருக்கலாம். வீட்டில் தெரியாமல், வேலையில் தெரியாமல், கோவிலில் தெரியாமல், தேவாலயத்தில் தெரியாமல், தன்னந்தனியே விழுந்து தன்னந்தனியே எழும்பப் பார்ப்பவர் இங்கே இருக்கிறார். யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் சொல்கிறேன். என் தொலைபேசி இலக்கம் அழைப்பிதழின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு பகலென்றாலும் அழைப்பு எடுங்கள், நான் வேலையில் நிற்கும் நேரமென்றாலும் எடுங்கள். “அண்ணை, நான் குடிச்சிட்டன்” என்று சொல்லுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.

இவ்வளவு நேரமும் எழும்பிப் போகாமல் கேட்டீர்கள். அதற்கு நன்றி, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.