கூடத்து மச்சு

சிவராமகிருஷ்ணன்: நான், பட்டு, நீ. அப்பா பெத்ததுல மிச்சம் மூணு பேரும் கூடத்துல இருக்கோம். நின்னுண்டு பேசாதே முத்துசுவாமி... உக்காரு.

முத்துசுவாமி: உக்காரவா அண்ணா, பம்பாயிலேர்ந்து ரெண்டு நாள் ரயில்ல வந்தேன்?

பட்டு: முத்தண்ணா, காப்பி ஆறறது...

முத்துசுவாமி: ஆறட்டும். தலைக்கு மேல இருக்கற இந்த மர மச்சைப் பிரிச்சுத் தேக்கை மரக்கடை பொன்ராஜ் எடுத்துப்பான். பதிலுக்குக் காங்கிரீட் தளம் போட்டு, மேலே எட்டு ரூம் கட்டித் தருவான். கல்பாத்தித் தேருக்கு வரவா தங்கறதுக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?

சிவராமகிருஷ்ணன்: தலைக்கு மேல பாரு.

முத்துசுவாமி: பார்த்தாச்சு. தாமரை. பொறந்ததுலேர்ந்து அதே தாமரை.

பட்டு: அறுபத்தி நாலு கட்டத்துல அறுபத்தி மூணு தாமரை. கடைசிக் கட்டம் மாத்திரம் வெறும் பலகை.

முத்துசுவாமி: ஆசாரி காய்ச்சல்ல போயிட்டான், வேற கை படப்படாதுன்னு கொள்ளுத்தாத்தா அப்படியே விட்டுட்டார். தெரியும் பட்டு! படுத்துண்டே எண்ணிண்டிருப்பே, வேற என்ன ஜோலி உனக்கு?

பட்டு: அவன் அதை அறுத்துக் கட்டில் பண்ணி வித்துடுவான், அண்ணா...

முத்துசுவாமி: பண்ணட்டுமே! மதராஸ் ராஜ்யம் போய் நம்ம ஊரே கேரளம் ஆயாச்சு. ஒரு மச்சு மாறப்படாதோ?

சிவராமகிருஷ்ணன்: ஒரு வருஷமா இதே பேச்சு. எனக்கு அசந்து போறதுடா.

முத்துசுவாமி: அப்போ பொன்ராஜோட பத்திரத்துல கையெழுத்து ஏன் போட்டேள்?

சிவராமகிருஷ்ணன்: நீயும் பங்காளி. நான் மாட்டேன்னா, தம்பி பாகத்தை அமுக்கிட்டான்னு கல்பாத்தி முழுக்கப் பேசும். அந்தப் பேர் இந்த ஆத்துக்கு வேண்டாம்.

முத்துசுவாமி: இப்போ மாத்திரம் நல்ல பேரா? பொன்ராஜ் ஆள் வந்து என்ன சொன்னான்? மச்சு பூரா சிதல் அரிச்சு, கரையான் புத்தாட்டம் உளுத்திருக்காம். மரம் வேண்டாம், வேலையும் வேண்டாமாம்!

சிவராமகிருஷ்ணன்: அதான் வேண்டாம்னுட்டானே, விடேன்.

முத்துசுவாமி: யார் கெளப்பினதுன்னு தெருவுக்கே தெரியும். படித்துறையில துணி தோய்க்கறச்சே பட்டுதான் சொன்னாளாம்.

பட்டு: காப்பியைச் சூடு பண்ணிண்டு வரேன்...

முத்துசுவாமி: காப்பி இருக்கட்டும், பதில் சொல்லு. நம்ம ஆத்து மரம் உளுத்ததுன்னு சொல்ல நாக்கு கூசலையா?

பட்டு: சரி... நான்தான்னே வெச்சுக்கோங்கோ.

சிவராமகிருஷ்ணன்: பட்டு, நீ சும்மா இரு.

முத்துசுவாமி: அந்தப் பொன்ராஜும் ஒரு வியாபாரியா? ஏணி வெச்சு ஏறி, ஒரு தட்டுத் தட்டினாப் போறுமே! இவ பேச்சைக் கேட்டுண்டு...

சிவராமகிருஷ்ணன்: பட்டு யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. மச்சுல சிதலும் இல்லை. பொன்ராஜ் கிட்டச் சொன்னது நான். நான் சொன்னதனாலதான் அவன் ஏணி கேக்கலை.