சிபாரிசு தேவையில்லை

சிவனாண்டி: ...கடைசியில கொட்டை எழுத்துல போடு மாப்ள. "இப்படிக்கு, அவனியாபுரம் சிவனாண்டி, ஒரு கரடியால் பாதிக்கப்பட்டவன்."

பால்பாண்டி: கரடின்னு அடிச்சா டெல்லியில அதைக் காட்டிலாகாவுக்குத் தள்ளிவிட்டுருவான் மாமா. கரடிப் பொம்மைன்னு அடிக்கணும்.

சிவனாண்டி: பொம்மைன்னு போட்டா சிரிப்பானே...

பால்பாண்டி: சிரிக்கட்டும். ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு, டெல்லிக்காரன் மட்டும்தான் பாக்கி.

சிவனாண்டி: அதுவும் சரிதான். பொங்கலுக்குப் பொங்கல் மாடு பிடிக்கிறவன், ஒரு சாண் கரடிகிட்ட தோத்துட்டான்னு இந்தக் காளவாசல் டீக்கடை வரைக்கும் பேச்சு.

பால்பாண்டி: மாடு பிடிக்கிறீகளா? போன பொங்கலுக்கு வேப்பமரத்து மேல ஏறி உக்காந்திருந்தது யாரு?

சிவனாண்டி: அது... மாடு எந்தப் பக்கம் வருதுன்னு பார்க்க ஏறினேன். நீ அடிய்யா, டைப்புச் சத்தமே கேக்கலை.

பால்பாண்டி: முதல்ல பேப்பரைச் சொருகணும்ல? ம்... நடந்ததைச் சொல்லுங்க. மனுவுக்குன்னு ஒரு முறை இருக்கு.

சிவனாண்டி: என் மச்சினன் சுருளி சிங்கப்பூர்ல இருந்து லீவுல வந்தான். உனக்குத்தான் தெரியுமே, அவன் பாஸ்போர்ட்டு பாரமெல்லாம் நீதானே அடிச்சுக் குடுத்த.

பால்பாண்டி: ஆமா... அதெல்லாம் மனுவுல வேணாம்.

சிவனாண்டி: வந்தவன் அக்கா மகனுக்கு, அதான் எம் பயலுக்குன்னு ஒரு கரடிப் பொம்மை கொண்டாந்தான். பஞ்சுப் பொம்மை. கண்ணு ரெண்டும் செகப்பா மினுமினுங்கும். பயலுக்கு ஒன்றரை வயசு. வாங்கின நேரத்துல இருந்து அந்தக் கண்ணைச் சப்பிக்கிட்டே கிடந்தான். ஒம்பதாம் நாள் பார்த்தா, கரடிக்கு ஒரு கண்ணு இல்ல.

பால்பாண்டி: ஒம்பது நாள்லயா?

சிவனாண்டி: ஒம்பதே நாளு.

பால்பாண்டி: உங்க பய முரடன் மாமா. பிடிச்சு இழுத்திருப்பான்...

சிவனாண்டி: முரடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நூல் போட்டுத் தச்சிருந்தாத்தானே நிக்கும்? பசையில ஒட்டி வச்சிருக்கான்!

பால்பாண்டி: பசையா... எல்லாக் கரடியும் அப்படி இருக்காது மாமா. ஒண்ணு ரெண்டு...

சிவனாண்டி: நீ என்ன, கரடிக்கு வக்கீலா?

பால்பாண்டி: இல்ல... மனுவுன்னா நியாயமா இருக்கணும்ல. மேல சொல்லுங்க.

சிவனாண்டி: பயலைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, வயித்துக்குள்ள போயிருச்சு, தானா வந்துரும்னாக. வாழைப்பழமாக் குடுத்தோம். மூணு நாளு, நானும் எம் பொண்டாட்டி ஜெயக்கொடியும் பய எப்ப உக்காருவான்னு காவல் கிடந்தோம். சாமிகிட்ட வேண்டிக்கிறதுக்கே கூச்சமா இருந்துச்சு மாப்ள. என்னன்னு சொல்லிக் கேக்குறது?

பால்பாண்டி: வந்துருச்சுல்ல?

சிவனாண்டி: இந்தா, பொட்டலம்.

பால்பாண்டி: அய்யய்ய! மெசினு மேல வைக்காதீக!

சிவனாண்டி: கழுவிட்டேன்யா. சாட்சி வேணாமா? மனுவோட சேர்த்து அனுப்பு.

பால்பாண்டி: ...இம்புட்டுப் பெருசா? கரடி மூஞ்சியில பார்க்கையில இம்புட்டுத் தெரியலையே.

சிவனாண்டி: நீ எப்பப் பார்த்த?

பால்பாண்டி: நீங்கதானே... பெட்டியோட கொண்டாந்து காட்டினீக.

சிவனாண்டி: ஆமால்ல. பெட்டியில இருந்த இங்கிலீசைப் படிச்சுச் சொன்னதே நீதானே. கேளு மாப்ள... இதே கண்ணு மூச்சுக்குழல்ல போயிருந்தா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட பிள்ளை தாங்கியிருக்காதுன்னாக. அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. எங்க வீட்டுக் கரடியை அடுப்புல போட்டுட்டேன். ஆனா கப்பல்ல வந்தது அது ஒண்ணுதானா? எந்தெந்த வீட்டுல எந்தெந்தப் பிள்ளை சப்பிக்கிட்டுக் கிடக்கோ... என்னய்யா, இப்படி வேர்க்குது உனக்கு?

பால்பாண்டி: கரண்டு இல்லைல்ல... கோரிக்கையைச் சொல்லுங்க, சீக்கிரம்.

சிவனாண்டி: ஒண்ணு. வெளிநாட்டுப் பொம்மை வந்து இறங்கினதும் சோதிச்சுப் பார்த்துத்தான் உள்ள விடணும். கண்ணு கழலுதா, சாயம் ஒட்டுதான்னு பார்க்க ஒரு ஆளைப் போடணும்.

பால்பாண்டி: பல்லு இருக்கிற ஆளா?

சிவனாண்டி: பின்ன? சப்பிப் பார்க்கணும்ல. ஆள் கிடைக்கலைன்னா நானே போறேன். மாடு பிடிக்கத்தான் லாயக்கில்ல, இதாச்சும் செய்வேன்.

பால்பாண்டி: சரி... அடிச்சாச்சு. ரெண்டு?

சிவனாண்டி: பெட்டி மேல எழுதணும். மூணு வயசுக்குள்ள பிள்ளைக கையில குடுக்காதீகன்னு. டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டாக. பெட்டியில ஒண்ணும் போடலையான்னு. போட்டிருந்துச்சும்மா, மூணு வயசுக்குள்ள இருந்தா சிபாரிசு தேவையில்லைன்னு போட்டிருந்துச்சுன்னேன். என்னைய ஒரு மாதிரிப் பார்த்தாக. அதுக்குள்ள வேற யாரோ கூப்பிடவும் போயிட்டாக.

பால்பாண்டி: சரியாத்தானே சொல்லியிருக்கீக. ரெக்கமண்டுன்னா சிபாரிசு. எட்டு வருசமா இந்த டைப்பு இன்ஸ்டிட்யூட்ல எம்புட்டு சிபாரிசுக் கடுதாசி அடிச்சிருக்கேன்! எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசே அம்புட்டுத்தான். சிபாரிசுக் கடுதாசி, லீவு லெட்டரு.

சிவனாண்டி: நல்ல நாடுய்யான்னு நினைச்சேன். நம்ம ஊர்ல ஒண்ணாப்புல சேர்க்கவே சிபாரிசு கேக்குறான்.

பால்பாண்டி: நானும் அதேதான் நினைச்சேன். சரி, இந்த ரெண்டாவது கோரிக்கைக்கு வாசகம் எப்படி? குடுக்காதேன்னு மொட்டையாப் போட்டா எந்தக் கம்பெனிக்காரனும் ஒத்துக்கிட மாட்டான். மரியாதையா இருக்கணும்.

சிவனாண்டி: மூணு வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு இதை நாங்க சொல்லலப்பா... அப்படின்னு?

பால்பாண்டி: அதான்! சிபாரிசு பண்ணலைன்னு வரணும். இருங்க... நாட்... ரெக்கமண்டட்... பார்... சில்ரன்... அண்டர்... த்ரீ...

சிவனாண்டி: ம்? ஏன் நிப்பாட்டிட்ட? நல்லாத்தானே போச்சு.

பால்பாண்டி: மாமா... பெட்டியில இருந்ததும் இதே வரிதான்.

சிவனாண்டி: அது சிபாரிசு தேவையில்லைல்ல?

பால்பாண்டி: தேவையில்லை இல்ல மாமா... குடுக்க வேணாம்னு அவன் எழுதித்தான் வச்சிருக்கான். நாந்தான்...

சிவனாண்டி: அடப்பாவி! ஏன் எந்திரிக்கிற? சரி விடு. நான் மட்டும் என்ன யோக்கியம்? பத்தாப்பு பாஸுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு உன்கிட்ட வந்தவன்தானே. உக்காருய்யா, அடிக்கவா போறேன்? தமிழ்லயும் எழுதணும்னு மாத்தி அடி... ஏய், எங்கய்யா ஓடுற? மனுவு?

பால்பாண்டி: சைக்கிள் சாவியைக் குடுங்க மாமா, பசுமலைக்கு, எங்க வீட்டுக்குப் போகணும்! பாரம் அடிச்சதுக்கு சுருளி எனக்கும் ஒரு கரடி குடுத்தான், அக்காகிட்ட சொல்லாதேன்னான்... நான் கிளம்பையில எம் மக முத்துத்தாய் அதோட கண்ணை வாயில வச்சுக்கிட்டு இருந்தா, அவளுக்கு இன்னும் ரெண்டு வயசுகூட ஆகலை மாமா!